பச்சைமலைக்கு வாங்கின கத்தி

தென்றல் அப்பா,

போன தடவை பச்சைமலையில கூடாரம் போடப் போனப்ப, என் காய்கறிக் கத்தியால விறகு பிளந்து முனையை உடைச்சுட்டு வந்தீங்க. கேட்டதுக்கு, "கத்திதானே"ன்னு சிரிச்சீங்க.

இப்ப உங்களுக்குன்னு ஒரு மாசமா ஃபோன்லயே கெடந்து, மடக்குக் கத்தி வேணாம், பிடி வழுக்கக் கூடாது, ஒரு சாணுக்கு மேல போகக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கீங்க. நல்ல கத்திதாங்க. காலையில அதாலதான் பலாப்பழம் வெட்டினேன். வேணும்னே எண்ணெய் தடவல. பிடி வரைக்கும் பிசின்.

சுளை டப்பாவுல இருக்கு, கூட்டாளிங்களுக்கும் குடுங்க. கெளம்புறப்ப சாவியைப் பக்கத்து வூட்டுல குடுத்துடுங்க. நான் அரியலூருக்கு, அக்கா வூட்டுக்குப் போறேன்.

சிந்தாமணி

பிசினை எடுக்க எண்ணெய் தேடாதீங்க. பாட்டில் என் பையில இருக்கு. அப்படியே உறையில போட்டு எடுத்துட்டுப் போங்க. கத்திதானே.