முப்பத்தோரு சென்டிமீட்டர்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

ஆமா, முப்பத்தோரு சென்டிமீட்டர்தான். மூணு தடவை கழிச்சுப் பார்த்துட்டேன். நாலாவது தடவை பக்கத்து சீட்டுக்காரரைப் பார்க்கச் சொன்னேன், அவரும் அதையேதான் சொன்னாரு. "என்னடா உளர்ற"ன்னு கேட்டுட்டு போனை வச்ச இல்ல, அதுக்குத்தான் இந்தப் பதில். இனிமே நமக்குள்ள போன் கிடையாதாம், அம்மா உத்தரவு. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துறீங்க. எழுதித் தொலைங்க, ஒருத்தர் எழுதறப்போ இன்னொருத்தர் வாய் மூடியிருக்குமில்ல"ன்னுட்டாங்க.

நான் இங்க சும்மா டைப் அடிக்கறேன்னு நினைச்சுட்டிருக்க. இல்ல. பழைய ஊர் புதைஞ்ச ஒரே மேடு, நடுவுல எல்லைக்கோடு. இந்தப் பக்கம் எங்க நிறுவனம் பதினோரு வருஷம் தோண்டிச்சு, அந்தப் பக்கம் நீங்க பதினோரு வருஷம். ரெண்டு பேரும் எழுதி வச்சதை ஒரே டேபிளாக்கி மார்ச் முப்பதாம் தேதி யார் வேணா பார்க்கலாம்னு திறந்து விடணும். சேர்க்கறவன் நான். எவ்வளவு தலைவலின்னு உனக்குத் தெரியாது. நாங்க உடைஞ்ச பானை ஓடுங்களை எண்ணறோம், நீங்க பையோட தூக்கி எடை போடறீங்க. எங்க குடுவை உங்களுக்கு ஜாடி. மண்ணோட நிறத்தை நீங்க தண்ணி தெளிச்சுட்டு எழுதறீங்க, நாங்க காஞ்சபடியே எழுதறோம். டேபிள்ல பார்த்தா எல்லைக்கோட்டுல மண்ணே மாறிட்ட மாதிரி இருக்கு. இதெல்லாம் ஒருவழியா சரி பண்ணிட்டேன். ஆழம்தான் இடிக்குது.

ரெண்டு பக்கமும் ஆழத்தை அந்த எல்லைக்கல்லோட உச்சியிலேர்ந்துதான் அளக்கறோம், ஏன்னா மேட்டுல அசையாத பொருள் அது ஒண்ணுதான். எங்க பக்கம் ஒரே சாம்பல் அடுக்கு, நூத்தி நாப்பதுல. உங்க பக்கம் ரெண்டு: நூத்தி நாப்பது, நூத்தி எழுபத்தொண்ணு. அதை வச்சுத்தான் ஊர் ரெண்டு தடவை எரிஞ்சு ரெண்டு தடவை எழுந்ததுன்னு நீ புத்தகம் போட்ட.

கேள்வி ஒண்ணே ஒண்ணு. ரெண்டு சாம்பலும் ஒரே குழியில, ஒண்ணுக்கு மேல ஒண்ணா, எங்கேயாவது இருக்கா? நான் தேடிட்டேன். ஆறாம் வருஷம் வரைக்கும் தோண்டின குழி எல்லாத்துலயும் நூத்தி நாப்பது. எட்டாம் வருஷத்துலேர்ந்து எல்லாத்துலயும் நூத்தி எழுபத்தொண்ணு. நெருப்பு என்ன, நீங்க தோண்டற வருஷத்தைப் பார்த்தா பிடிச்சுது?

சீக்கிரம் எழுது. என்னால உக்கார முடியல.

வால்


பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டால் எரிந்து விழுவாய், ஆனாலும் கேட்கிறேன். இன்னும் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறாயாம். அம்மா எழுதியிருந்தார். ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டு சாம்பலும் ஒரே குழியில் இல்லை. இரண்டு தீயும் வெவ்வேறு வீட்டு வரிசைகளை எரித்தன என்று நான்காம் இயலில் விரிவாக எழுதியிருக்கிறேன். நீ இரண்டாம் இயலிலேயே புத்தகத்தை மூடி வைத்திருப்பாய். கல் நகர்ந்தது என்று சொல்ல வருகிறாயா? எல்லைக்கல்லை நகர்த்த இரண்டு அரசாங்கங்கள் கையெழுத்துப் போட வேண்டும். பூந்தொட்டி இல்லை அது.

எங்கள் நிறுவனத்தில் அடுத்த துறைத் தலைவர் யார் என்று ஏப்ரலில் முடிவாகிறது. என் பெயர் பட்டியலில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தால்தான் இருக்கிறது. இதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் அட்டவணையில் எங்கள் பக்கத்து ஆழத்தை மட்டும் இப்போதைக்குக் காலியாக விடு. 'சரிபார்ப்பில் உள்ளது' என்று போடு. அடுத்த வருடம் நானே பார்த்துத் தருகிறேன். எல்லாவற்றையும் பாதியில் விடுகிறாய் என்று இத்தனை வருடமாக உன்னைத் திட்டியிருக்கிறேன். முதல் முறையாகக் கேட்கிறேன், இதையும் பாதியில் விட்டுவிடேன்.

உன் அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

கல்லு நகரல. வளந்திருக்கு.

சிரிக்காத. எங்க பக்கத்துல ஒரு அளவுக்காரர் இருந்தாரு, இப்போ ரிட்டயர்டு. தினமும் காலையில வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அந்தக் கல்லோட உயரத்தைக் கருவி ஷெட்டு நிலையில அடிச்ச ஒரு ஆணியோட சரிபார்ப்பாராம். கல்லு என்ன ஓடியா போயிடும்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்களாம். ஏழாம் வருஷம், நவம்பர் பதினஞ்சு, அவர் நோட்டுல ஓரத்துல பென்சில்ல ஒரு வரி: "கல் வளர்ந்திருக்கிறது, 31." அன்னையிலேர்ந்து எங்க பக்கம் எல்லா ஆழத்துலயும் முப்பத்தொண்ணைக் கழிச்சுட்டுத்தான் எழுதியிருக்காங்க.

நேரா அவர் வீட்டுக்கே போயிட்டேன். "ஐயா, கல்லு வளருமா?"ன்னேன்.

"வளத்தா வளரும், தம்பி. சாயுதுன்னு ரெண்டு பக்கத்து சர்வே ஆளுங்களும் சேர்ந்து வந்து, தூக்கி, அடியில கான்கிரீட் போட்டு, அதே இடத்துல நட்டுட்டுப் போனாங்க. அரை நாள் வேலை. ஏன், அந்தப் பக்கம் யாரும் பார்க்கலையா?"

"அந்தப் பக்கம் எங்க அக்கா இருந்தா. அவ கண்ணுலேர்ந்து எதுவும் தப்பாது"ன்னேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

எங்க பக்கத்து நோட்டை வச்சு உங்க பக்கத்து எண்ணை மாத்தற உரிமை எனக்குக் கிடையாது, ஒப்பந்தம் அப்படி. உன் களக்குறிப்பு வேணும், உன் கையெழுத்து வேணும். அந்த வாரத்தை எடுத்துப் பாரு.

காலியா விடச் சொல்ற. காலேஜை விட்டேன், கடை வேலையை விட்டேன், கிடார் கிளாஸை நாலாவது நாளே விட்டேன். இதை விட முடியல. எது மேல எது கிடந்துச்சுன்னு தெரியாம ஒன்பதாயிரம் பானை ஓடுங்களை வச்சு ஊர்ல இருக்கறவன் என்ன பண்ணுவான்? தரைக்குப் போடலாம்.

கோவிச்சுக்கோ. ஆனா பாரு.

வால்


மார்ச் 2

வாலுக்கு,

பார்த்தேன்.

நவம்பர் பன்னிரண்டிலிருந்து பத்தொன்பது வரை என் களக்குறிப்பில் ஒன்றும் இல்லை. எட்டுப் பக்கம் வெள்ளை. அந்த எட்டு நாளும் நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். இருபதாம் தேதி திரும்பி வந்ததும் குழிகளைப் பார்த்தேன், பைகளைப் பார்த்தேன், கூலியாட்கள் பட்டியலைப் பார்த்தேன். கல்லைப் பார்க்கவில்லை.

சர்வே அலுவலகத்தில் கேட்டு அந்த நாளின் வேலைச் சீட்டையும் வாங்கிவிட்டேன். நவம்பர் பதினைந்து. உங்கள் ஆள் எழுதியது சரி. தீ ஒன்றுதான்.

அனுமதிப் படிவம் கையெழுத்துடன் இணைத்திருக்கிறேன். இயக்குநரிடம் நானே போய்ச் சொன்னேன். பட்டியலிலிருந்து என் பெயரையும் நானே எடுக்கச் சொல்லிவிட்டேன், அவர் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. அம்மாவிடம் சொல்லாதே.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அக்கா


மார்ச் 4

அக்கா,

எழுத வேண்டாம்னா எழுதாம இருக்க நான் என்ன அவ்வளவு நல்ல பிள்ளையா.

எட்டு நாள். நான் காலேஜை விடறேன்னதும் ஓடி வந்து ஹாஸ்டல் ரூம் வாசல்ல மூணு நாள் உக்காந்திருந்த. நான் கதவைத் திறக்கல. பக்கத்து ரூம் பசங்க உனக்கு டீ வாங்கிக் கொடுத்தாங்க, கதவுக்கு அந்தப் பக்கம் நீ அவங்ககிட்ட பேசினது எல்லாம் கேட்டுச்சு. "அவன் தூங்கறான்ப்பா, எழுந்ததும் பேசறேன்"னு சொன்ன. நான் தூங்கலை. அப்புறம் அஞ்சு நாள் வீட்டுல வச்சுக் கெஞ்சின. கடைசியில நான்தான் சொன்னேன், "போ, போய் உன் குழியைப் பாரு"ன்னு. நீயும் போய்க் குழியை மட்டும்தான் பார்த்திருக்க.

முப்பத்தொண்ணுல பாதி என்னோடது. பதினஞ்சரை. டேபிள்ல அதுக்கு ஒரு பத்தி இல்ல.

எழுது. திட்டியாவது எழுது.

வால்


மார்ச் 13

அக்கா,

ஒன்பது நாளாச்சு. அம்மா கேட்டாங்க, நீ வேலையா இருக்கன்னு சொன்னேன்.

எட்டாம் வருஷத்துலேர்ந்து எல்லாத்துலயும் முப்பத்தொண்ணைக் கழிச்சுட்டேன், ஒரே கட்டளை, ரெண்டு செகண்டு. உன் பதினோரு வருஷத்துல நாலு வருஷம் ரெண்டு செகண்டுல மாறிடுச்சு. பார்க்க நல்லாயில்ல. எழுந்து தெருவுல ரெண்டு சுத்து நடந்துட்டு வந்தேன்.

ஏழாம் வருஷத்தை அப்படிப் பண்ண முடியாது. பாதியிலதான் கல்லை ஏத்தியிருக்காங்க. ஒவ்வொரு பைக்குள்ளயும் இருக்கற சீட்டுல தேதி பார்க்கணும், பதினஞ்சுக்கு முன்னாடியா பின்னாடியான்னு. ஆயிரத்து அறுநூத்தி நாப்பது பை. எல்லாம் உங்க கிடங்குல. யாரையாவது போடச் சொல்லுன்னு கேக்க எனக்கு வாய் வரல.

வால்


மார்ச் 27

அக்கா,

நீ எழுத மாட்ட, தெரியும். ஆனா போன வாரம் டேபிளைத் திறந்தேன், ஏழாம் வருஷம் முதல் வரிசையில சீட்டோட போட்டோ. ஆழம் சரி பண்ணியிருக்கு. மாத்தினவர்ங்கற பத்தியில உன் பேரு. யாராவது புதுசா சேர்ந்தவங்களைப் போட்டிருப்பன்னு நினைச்சேன். துறைத் தலைவராக வேண்டியவ கிடங்குல உக்காந்து பை பையா பிரிச்சுட்டிருக்க.

குறிப்புன்னு இருக்கற பத்தியில ஒவ்வொரு வரிசைக்கும் "சீட்டு பார்த்தேன்", "சீட்டு பார்த்தேன்"னு போட்டுட்டே வந்த. நூத்தி பதினாறாவது வரிசையில மட்டும்: "மழையில் நனைந்த சீட்டு. படிக்க முடியவில்லை. வால் பார்க்கவும்."

அதை எத்தனை தடவை படிச்சேன்னு சொல்ல மாட்டேன். முப்பதாம் தேதி இதைத் திறந்து விட்டா எல்லா ஊர் ஆராய்ச்சிக்காரனும் படிப்பான், யாருடா இந்த வால்னு கேப்பான். எங்க மேலாளர் எடுத்துடலாமான்னு கேட்டாரு. "அது அந்த நிறுவனத்தோட தரவு சார், நாம கை வைக்கக் கூடாது"ன்னுட்டேன். போட்டோவை வெளிச்சமாக்கிப் பார்த்தேன். பதினாலு. கழிக்க வேண்டாம்.

மறுநாளே நீ மிச்ச சீட்டுங்களோட போட்டோவையும் மொத்தமா ஏத்திட்ட, ஒரு வார்த்தை சொல்லாம. அதனால நானும் ஒண்ணும் சொல்லாம அடியிலேர்ந்து ஆரம்பிச்சேன். நீ மேலேர்ந்து வர்ற, நான் கீழேர்ந்து. ஆறு நாளா உக்காந்த இடத்துலேயே இருக்கேன். பக்கத்து சீட்டுக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையான்னு விசாரிச்சாரு.

அம்மா நேத்து கேட்டாங்க, "ரெண்டு பேரும் பேசிக்கறீங்களா இல்லையா?"

"பேசல. பக்கத்துப் பக்கத்து வரிசைக்கு வந்துட்டிருக்கோம்"னேன்.

"என்னமோ போங்க"ன்னாங்க.

இப்போ நீ எண்ணூத்தி பதினொண்ணு. நான் எண்ணூத்தி நாப்பத்தாறு. நடுவுல முப்பத்துநாலு பை. முடிஞ்சதும் என்ன செய்யறதுன்னு தெரியல, நான் எதையும் முடிச்சதில்லையே. அந்தக் கடைசிப் பையை யார் பார்க்கறதுன்னு யோசிச்சேன், நீதான் பார்க்கணும், குறிப்புல என்ன எழுதப் போறன்னு எனக்கு

டேபிள்ல உன் பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி வந்துடுச்சு. எண்ணூத்தி பன்னெண்டைத் திறந்துட்ட. போகணும்.