நட்சத்திரம் தெரிகிற கூரை

ரெட்டிபாளையம்
17-10-1985

அன்பு மகள் மலர்க்கொடிக்கு,

உன் அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். அமெரிக்காவில் அந்தக் குளிர் ஊரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாரியாத்தாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவின் இருமல், சிவப்பு ஆடு குட்டி போட்டது எல்லாம் கடைசியில் எழுதுகிறேன், முதலில் விஷயத்தைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். உன் எஸ்தர் அம்மாவின் கதை இங்கே ஜெயித்துவிட்டது மலரு. ஜெயித்தது என்றால் சும்மா இல்லை, உன் செல்லக்கண்ணு மாமாவையே ஜெயித்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, என் தம்பியை எதிலாவது யாராவது ஜெயித்ததுண்டா.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். எஸ்தர் அம்மா யூதப் பிள்ளைகளுக்காகக் கதை எழுதிப் படமும் போடுகிறவர், எழுபத்தெட்டு வயது, இடுப்பெலும்பு முறிந்து நீ நர்ஸ் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் வந்து படுத்தபோது நீ பார்த்துக்கொண்டவர், இப்போதும் லீவு நாளில் நீ போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர். அவர் புதிதாக எழுதிய இந்தக் கதையை அச்சுப் போடுகிற கம்பெனிக்காரர், இது உங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் புரியும், வேறு பிள்ளைகளுக்குத் தலையும் புரியாது காலும் புரியாது, கதையில் வருகிற குடிசையையும் பண்டிகையையும் எடுத்துவிட்டு ஒரு சாதாரணக் கூடாரமாக மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நவம்பர் முடிவதற்குள் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த அம்மாவும் சோர்ந்துபோய், மாற்றித் தொலைக்கிறேன் என்று அழிரப்பரைக் கையில் எடுத்துவிட்டார். அவர்களுடைய ஜெபக்கூடத்தில் பிள்ளைகளுக்கான புத்தக அறையை நடத்துகிற ரூத் அம்மாதான் தடுத்து, யூதர் என்ற பேரையே கேள்விப்படாத பிள்ளைகளிடம் படித்துக் காட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்றாராம். உடனே உனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. படங்களை ஜெராக்ஸ் எடுத்து, கதையை நோட்டில் தமிழில் எழுதி, உன் சத்துணவுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும்மா, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுது, முகத்துக்காக எழுதாதே என்று அனுப்பிவிட்டாய். அந்த ரூத் அம்மா மழை என்றும் பனி என்றும் பார்க்காமல் பையில் புத்தகத்தை அடுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்குகிறார் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவரும் நானும் ஒரே ஜாதி, பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிற ஜாதி.

பார்சல் வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். சாப்பாடு முடிந்து தட்டுக் கழுவின பிறகு வேப்பமரத்தடியில் உட்கார வைத்து நாளுக்கு நாலு பக்கம். யூதர் என்றால் யார் டீச்சர் என்று முதல் நாளே கேட்டார்கள். நீ எழுதியிருந்ததையே சொன்னேன், ரொம்பப் பழைய ஜனம், பல தேசங்களில் சிதறிப் பிழைத்தவர்கள், போன இடத்திலெல்லாம் பிள்ளைகளுக்குத் தங்கள் கதையைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டதில்லை என்று. சரி என்று கேட்டுக்கொண்டார்கள். கதையில் வருகிற லேயா என்ற பெண்ணின் அப்பா, பெரிய கட்டடத்து மொட்டை மாடியில் பண்டிகைக்காக இலைதழை போட்டுக் குடிசை கட்டுகிறார் அல்லவா, அந்த இடம் வரைக்கும் சத்தமில்லை. குடும்பமே ஏழு நாளும் அதற்குள் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், கூரை வழியாக நட்சத்திரம் தெரிய வேண்டும் என்று படித்தேனோ இல்லையோ, மொத்தப் பேரும் எழுந்துவிட்டார்கள். மழை வந்தா என்ன டீச்சர் பண்ணுவாங்க, கூரை வேய ஆளே கெடைக்கலையா, நாங்க வேணா சொல்லிக் குடுக்கறோம் என்று ஒரே கூச்சல். பண்டிகைக்கு வைக்கிற மஞ்சள் பழத்தின் படத்தைக் காட்டினேன், எல்லாரும் ஒரே குரலில் நாரத்தங்காய் என்றார்கள். கையில் வைத்து மோந்து பார்த்துக் கும்பிடுகிறார்கள் என்றால் நம்பவே மாட்டேன் என்கிறார்கள், ஊறுகாய் போடாமல் வீணாக்குகிறார்களே என்று ஒருத்தி வருத்தப்பட்டாள். இதையெல்லாம் எஸ்தர் அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்.

எதற்காக அந்தக் குடிசை என்று கதையில் லேயாவின் அப்பா சொல்கிறாரே, நம் முன்னோர்கள் அடிமைப்பட்டுக் கிடந்த தேசத்திலிருந்து தப்பி வந்து நாற்பது வருஷம் இப்படிக் குடிசையில்தான் இருந்தார்கள், அதை மறக்கக்கூடாது என்று, அந்தப் பக்கத்தை வீட்டில் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிமெண்டுத் தூசியோடு வேலையிலிருந்து வந்து உட்கார்ந்தவர் தட்டில் கை வைக்காமல் கேட்டார். உன் தாத்தா பண்ணையாளாக இருந்த கதை உனக்குத் தெரியும். "அவங்க மறக்கக் கூடாதுன்னு குடிசை போடுறாங்க, நாம மறக்கறதுக்குத்தான் ஓட்டு வூடு கட்டினோம்" என்றார். அவ்வளவுதான் பேசினார், ஆனால் மறுநாளும் கதையில் அப்புறம் என்ன ஆச்சு என்று அவரே கேட்டார்.

இப்போது மாமா கதைக்கு வருகிறேன். பிள்ளைகள் நாமும் அந்தக் குடிசை கட்ட வேண்டும் என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டார்கள். நம் செல்லக்கண்ணுதான் முப்பது வருஷமாகக் கூரை வேய்கிறவன் ஆயிற்றே, அவனைப் பிடித்தேன். தா.பழூர்ப் பக்கமிருந்து வந்த கீற்று இருந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இடம் இருந்தது. நான் படித்துப் படித்துச் சொன்னேன் மலரு, நட்சத்திரம் தெரிகிற மாதிரி இடைவெளி விடு, அதுதான் சாங்கியம் என்று. சரிக்கா சரிக்கா என்று தலையை ஆட்டினான். இந்த மாசம் முதல் வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு தின்பண்டத்தோடு வந்து உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், அங்கே அவர்களுக்குப் பண்டிகை நடக்கிற அதே வாரம். நிமிர்ந்து பார்த்தால் ஒரு நட்சத்திரமாவது தெரிந்தால்தானே. ஊசி நுழைய இடமில்லாமல் வேய்ந்து வைத்திருக்கிறான். அது போதாதென்று நாலு குடம் தண்ணீரைக் கூரைமேல் கொட்டிக் காட்டி, ஒரு சொட்டு எறங்குதா பாருங்க என்று மார்தட்டுகிறான். நான் திட்டிய திட்டில் தலையைச் சொறிந்துகொண்டே, "வுடணும்னுதான்க்கா நெனச்சேன், கை கேக்க மாட்டேங்குது" என்றான். சரி, இப்போதாவது நாலு ஓட்டை போடு என்றால், செல்லக்கண்ணு வேய்ந்த கூரையில் ஓட்டை என்று ஊர் பேசுமே, அதற்கு நான் ஏணியை வித்துட்டுப் போவேன் என்று முறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

பிள்ளைகள் முகமெல்லாம் சுருங்கிப் போயிற்று. எனக்கே, உனக்கு என்ன எழுதுவது, அந்தக் கம்பெனிக்காரர் சொன்னதுதான் சரியோ என்று ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. அப்போதுதான் மூலையிலிருந்து பாப்பாத்தி எழுந்தாள். மூன்றாம் வகுப்பு. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைக்கப் போகிற மருதாயியின் மகள், அப்பன் இல்லை. அவர்கள் வீட்டுக் கூரையை மாற்றி ஐந்தாறு வருஷம் இருக்கும். மழைக்கு நனைந்த புத்தகத்தோடு வருவாள், மற்றதுகள் ஒழுகுற வூடு, ஒழுகுற வூடு என்று அவளைச் சீண்டுகிறதும், இவள் யாரோடும் ஒட்டாமல் தனியே தட்டை எடுத்துக்கொண்டு போகிறதும் வழக்கம். அவள் எழுந்து நின்று, "எங்க வூட்லேருந்து பாத்தா நட்சத்திரம் தெரியும் டீச்சர், நெறையத் தெரியும்" என்றாள். சிரிக்கப் போகிறார்கள் என்று பயந்தேன். யாரும் சிரிக்கவில்லை மலரு. நெசமாவா, எத்தனை தெரியும், நாங்க வரலாமா என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இருபத்திரண்டு பேரும் தின்பண்டத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓட, நான் லாந்தரோடு பின்னாலேயே ஓடினேன். வேலை முடிந்து வந்து உலை வைத்துக்கொண்டிருந்த மருதாயி, என்னமோ ஏதோ என்று பயந்தே போய்விட்டாள். லாந்தரைச் சின்னதாக்கச் சொல்லிவிட்டு எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பாப்பாத்தி விரலை நீட்டி நீட்டி, இது பெரிசு, இது கொஞ்ச நேரத்தில் நகர்ந்து அடுத்த ஓட்டைக்குப் போய்விடும் என்று சொல்கிறாள், அவள் வீட்டு ராணி மாதிரி. அந்தப் பண்டிகையில் விருந்தாளியைக் கூப்பிட வேண்டும் என்று கதையில் வருகிறதே, டீச்சர் இவங்கள்லாம் எனக்கு விருந்தாளிதானே என்று வேறு கேட்டாள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். லேயா வெட்கப்பட்டுத் தன் சினேகிதிகளிடம் குடிசையை மறைக்கிற பக்கத்தில் மட்டும், உன் எழுத்து நோட்டில் அழுத்தி விழுந்து பின் பக்கம் வரை தெரிந்தது. நான் கவனித்தேன். திருச்சியில் நர்சிங் படித்தபோது கூடப் படித்த பெண் நம் ஊருக்கு வருகிறேன் என்றதற்கு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி நீ தடுத்தது எனக்கு அப்போதே தெரியும். அப்போது நம் வீட்டில் இருந்த ஓட்டைக் கூரையை நினைத்துத்தான் சொன்னாய். அன்றைக்கு எனக்கு வலித்தது, மறைக்க மாட்டேன். இப்போது வலிக்கவில்லை. பாப்பாத்தி வீட்டில் நின்றபோது, இந்தக் கதை உனக்கு எட்டு வயதில் கிடைத்திருக்கலாமே என்று மட்டும்தான் நினைத்தேன். ஓட்டைக் கூரை நல்லது என்று சொல்ல வரவில்லை, அதன் கீழே படுத்தவளுக்குத் தெரியும் அதன் லட்சணம். அவமானம் மட்டும் வேண்டாம் என்கிறேன்.

அதனால் சும்மா இருக்கவில்லை. ஐப்பசி பிறக்கிற நேரம், மழை பிடித்துக்கொண்டால் மருதாயி என்ன செய்வாள். பள்ளிக்கூடத்துக் குடிசையைப் பிரித்து அந்தக் கீற்றை அவள் கூரைக்குப் போடலாம் என்று உன் அப்பாதான் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா கீற்றுச் சுமக்க, செல்லக்கண்ணு வந்து ஏணி போட்டான். பாதி வேலை நடக்கும்போது பாப்பாத்தி ஏணியைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எல்லாத்தையும் அடைக்காதீங்க மாமா, ஒண்ணே ஒண்ணு வுடுங்க, அடுத்த வருசம் இவங்கள்லாம் வருவாங்கல்ல என்று. மருதாயி மகளை அடிக்கக் கையை ஓங்க, நான் நடுவில் போய் நிற்க, செல்லக்கண்ணு பாட்டுக்கு மேலே உட்கார்ந்து வேய்ந்துகொண்டே இருந்தான். நான் அவனைக் கேட்கவே இல்லை மலரு, சத்தியமாகக் கேட்கவில்லை. வேலையை முடித்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, பாப்பாத்தியை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். படுக்கிற இடத்துக்குத் தள்ளி, கதவுப் பக்கமாக, ஒரு சாண் அளவுக்கு ஒரு ஓட்டை. மழை வந்தால் இழுத்து மூடிக்கொள்ள ஒரு கீற்று மடல், அதற்கு ஒரு கயிறு. கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தவன் என் காதோடு, "முப்பது வருசத்துல ஓட்டை வுட்டு வேஞ்சது இதான் மொதக்கா, வெளிய சொல்லிடாத" என்றான்.

நான் அமெரிக்காவுக்கே எழுதிவிட்டேன். நீ இதை வரி விடாமல் எஸ்தர் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. கூடாரமாக மாற்ற வேண்டாம், ஒரு இலையைக்கூட எடுக்க வேண்டாம் என்று ரெட்டிபாளையத்துச் சத்துணவுக்காரி சொன்னதாகச் சொல். ரூத் அம்மாவை அந்தக் கம்பெனிக்காரரிடம் இதையே எடுத்துப் போகச் சொல், பதிலை உன் மாமா வேய்ந்த கூரையில் வந்து பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் வரைந்த படங்களை இதோடு மடித்து வைத்திருக்கிறேன், நாரத்தங்காய் எல்லாவற்றிலும் இருக்கும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்பாவின் இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் கொடுக்கிறேன், பரவாயில்லை. ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் பெட்டை. அடுத்த வாரம் ஆயுத பூசை, உன் பழைய நர்சிங் புத்தகத்துக்கும் பொட்டு வைப்பேன். குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே, நைட் டூட்டியைச் சாக்கு வைத்துச் சாப்பிடாமல் இருக்காதே. நீ எங்கே இருந்தாலும் நிறைந்து இருக்க வேண்டும், உன் கையால் பிழைக்கிறவர்கள் வாழ்த்து உன்னைச் சேர வேண்டும் கண்ணு. நவம்பர் முடிவதற்குள் என்பதை மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்த அம்மா வீட்டுக்குப் போ. புத்தகம் அச்சாகி வந்தால் முதல் பிரதி எனக்கு வேண்டாம், பாப்பாத்தி பேருக்கு அனுப்பு. மேல்விலாசத்தில் ஒழுகுற வூடு என்று எழுதாதே, நட்சத்திர வூடு என்றால் இப்போது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா
பொன்னம்மாள்