பச்சை திரும்பக் கூடாது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் மருமகளும் குழந்தையும் அப்படியே இருக்கவேண்டும். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று உன் அக்கா போனில் அழுதாளாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, என் வேலைக்குத்தான் ஆகியிருக்கிறது. அவள் வாயால் கேட்டுக் கலங்குவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

என் ஆய்வகத்தில் நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை, இப்போது கேள். ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு பாலிமர்ச் சங்கிலிகளை முனையில் முடிச்சுப் போட்டுவிட்டால் அவற்றால் கலக்கவும் முடியாது, பிரிந்து ஓடவும் முடியாது, "நம்ம ரெண்டு பேர் மாதிரி" என்பார் உன் அப்பா. வேறு வழியில்லாமல் தாமாகவே அடுக்கடுக்காக வரிசை கட்டி நின்றுகொள்ளும். அதில் கரைகிற பகுதியை மட்டும் கழுவி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு ஒரு மெல்லிய படலம் மிஞ்சும். ஒரு சொட்டுச் சாயம் இல்லாமலே அந்தப் படலம் ஒளியைத் திருப்பியடித்துக் கிளிப்பச்சையாக மின்னும், துளைக்குள் ஈரம் புகுந்தால் சிவந்துவிடும். இதை மாத்திரைப் புட்டியின் மூடியில் ஒட்டினால் ஈரம் பட்டுக் கெட்ட மருந்தைப் பார்த்ததுமே கண்டுகொள்ளலாம் என்று எங்கள் இயக்குநர் ஒரு மருந்துக் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் ஈரம் உலர்ந்ததும் படலம் மறுபடி பச்சையாகிவிடும், கெட்ட மாத்திரை நல்லதாகுமா? சொன்னேன். "சின்ன விஷயம் மேடம், அப்புறம் பாத்துக்கலாம், ஒப்புதல் குடுங்க" என்றார். முடியாது என்றேன். நீயும் போனில் "எதுக்கும்மா வம்பு, கையெழுத்துப் போட்டுட்டு இங்க வந்துடு" என்றாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை, தெரிந்துகொள்.

கம்பெனிக்காரர்கள் வந்த அன்று இயக்குநர் படலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பெருமை பேசிக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய் அதன்மேல் வாயால் ஊதினேன். சிவந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். "கொஞ்சம் இருங்க, இன்னும் முடியல" என்றேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை திரும்பிவிட்டது. "இப்ப இந்தப் புட்டியிலேருந்து உங்க பிள்ளைக்கு மாத்திரை குடுப்பீங்களா?" என்று கேட்டேன். அவர்களோடு வந்த அதிகாரி அம்மாள், "இது சரியாகாம நாங்க வாங்க மாட்டோம்" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாளே என் அறையை வேறொருவருக்குக் கொடுத்து, என்னைக் கீழ்த்தளத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள். தானாகவே ராஜினாமா செய்வாள் என்று கணக்கு. தப்புக்கணக்கு. படலம் பூசுவதற்கான பழைய சுழல் இயந்திரம் ஒன்று அங்கே தூசி தின்றுகொண்டு கிடந்தது. மூடி மட்டும் உடைந்திருந்தது, அப்பா கேக் டப்பாவை வெட்டிப் புது மூடி செய்து கொடுத்தார். அன்றைய கூட்டத்தில் தலையைத் தொங்கப் போட்டிருந்த என் சகா ஒருத்தி, ஒரு மத்தியானம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவந்தாள். "மேல மூச்சு முட்டுதுக்கா" என்றாள். மேசையில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தேன். ஈரம் பட்டதும் துளைகளே இடிந்து மூடிக்கொள்ளும்படி மென்மையான பாலிமராகப் பார்த்து மாற்றிப் போட்டோம். எத்தனையோ வீணாய்ப் போயின. நேற்று ஒன்றின்மேல் ஊதினேன், பச்சை செத்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம், திரும்பவில்லை. வெயிலில் வைத்தோம், அப்போதும் திரும்பவில்லை. இரண்டு கிழவிகளும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். அந்த அதிகாரி அம்மாளுக்கு நானே போன் செய்துவிட்டேன், இயக்குநர் விஷயம் கேள்விப்பட்டுக் கத்தட்டும், கீழ்த்தளம்வரை சத்தம் வராது.

எனக்காக நீ ஒழித்துவைத்திருக்கும் அறையில் குழந்தை விளையாடட்டும். ஆசையாய்ப் பார்க்க வருவேன், அடைக்கலமாக வரமாட்டேன். நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழவேண்டும். குழந்தையின் மருந்தைக் குளியலறை அலமாரியில் வைக்காதே. யாராவது விசாரித்தால் அம்மா ஓய்வு பெற்றுவிட்டாள் என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
யாருக்கும் அடங்காத உன் அம்மா