புது லேத்தும் பச்சைப் புள்ளியும்

அன்புள்ள இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

சரக்கை அளந்து பாஸ் செய்கிறவள் என்று பட்டறையில் எல்லோரும் உன்னைக் கூப்பிடுகிற பெயரிலேயே நானும் எழுதுகிறேன். உரிமையோடு வேறு பெயர் சொல்லி அழைக்க இன்றைக்கு வாய் வரவில்லை. நீயும் மகளும் பேத்தியும் சுகம் என்று நேற்றுப் போனிலேயே கேட்டுக்கொண்டேன். பேத்தி என்னை மாதிரியே ஒரு காதை மடக்கிக்கொண்டு தூங்குகிறாள் என்றாயே, அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காது மட்டும் என்னுடையதாக இருந்தால் போதும். மற்றதெல்லாம் உன்னைப் போல் இருக்கட்டும்.

கல்யாணம் ஆனதிலிருந்து உனக்கு நான் கடிதமே எழுதியதில்லை. வாட்ஸ்அப்பில் அடிக்கலாம் என்றால் உன் போன் பாதி நேரம் மகள் கையில் இருக்கிறது. பேசலாம் என்றால், "மிஷின் எப்படிங்க ஓடுது?" என்று நீ கேட்கிறாய், என் வாய் அதுபாட்டுக்கு "சூப்பரா ஓடுது" என்று சொல்லிவிடுகிறது. பேப்பரில் எழுதினால்தான் பொய் வராது போலிருக்கிறது.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாளைச் சரி செய்துவிட்டேன். உன் ரோஜாச் செடிகளில் ஒன்று நன்றாக இருக்கிறது. இன்னொன்றுக்கு நான் தண்ணீரை ஊற்றி ஊற்றியே கொன்றுவிட்டேன் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். இருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டரே கடைகிற அந்த சி.என்.சி. லேத் பார்க்க நான் புறப்பட்ட அன்று, நம் பம்பு ஷாஃப்ட் ஒன்றையும், அதே அளவில் கடையாத ஒரு எஃகுத் தண்டையும் பழைய துண்டில் சுற்றிப் பையில் வைத்தாய். "அவங்க காட்டற பீஸைப் பார்த்து மயங்கிடாதீங்க. நம்ம ஷாஃப்ட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. அதுக்கப்புறம் எந்த மிஷினை வேணா வாங்குங்க" என்று வாசல் வரை வந்து சொன்னாய். திரும்பி வந்ததும் நீ கேட்ட முதல் கேள்வியும் அதுதான். ஓட்டினார்கள், கண்ணாடி மாதிரி வந்தது, சாம்பிளுக்கு அவர்களே வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். நீயும் நம்பிவிட்டாய்.

ஓட்டவில்லை. பையிலிருந்து வெளியிலேயே எடுக்கவில்லை.

அந்த ஷோரூமை நீ பார்த்திருக்க வேண்டும். தரையில் முகம் பார்க்கலாம். ஏ.சி. குளிரில் எனக்கு மூக்கு ஒழுகியது. என்னோடு மிஷின் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்கள். ஒருவர் தான் கடைகிற ஜாப்பை எடுத்தார் பாரு, நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி, உள்ளே ஸ்பஞ்சு, அதில் குழி வெட்டிப் பதித்து வைத்திருந்தார். ஏதோ ஆஸ்பத்திரிக் கருவிக்கான பாகமாம். விற்கிறவர் அடுத்து என்னிடம் திரும்பி, "சார், உங்க ஜாப் ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். நான் என் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்தேன். பைக்குள் இருந்த அந்தத் துண்டைப் பார்த்தேன், அதில் மஞ்சள் கறை வேறு. பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, "இல்லைங்க" என்றேன்.

நமக்குச் சோறு போடுகிற பொருளைக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போது காது வரைக்கும் சூடாகிறது.

அப்புறம் அவர்கள் பித்தளையில் ஒரு சதுரங்க ராஜாவைக் கடைந்து காட்டினார்கள். கிரீடம், கழுத்து மடிப்பு எல்லாம் அச்சு அசலாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். நீளமான தண்டைக் கடையும்போது ஒரு முனையைக் கவ்வுகிற சக்குக்கு எதிர்முனையைத் தாங்கிப் பிடிக்க டெயில் ஸ்டாக் வேண்டுமே, அது அந்த மிஷினில் இல்லை. காலம் முழுக்க லேத் ஓட்டினவனுக்கு அதுகூடக் கண்ணில் படவில்லையா என்று கேட்பாய். பட்டது. கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் இவன் பழைய பட்டறைக்காரன் என்று நினைப்பார்களோ என்று விழுங்கிவிட்டேன். இவ்வளவு பெரிய திரை உள்ள மிஷின் எதையும் தாங்காமலா இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஓரமாக அழுக்குப் பச்சை நிறத்தில் டெயில் ஸ்டாக்கோடு ஒரு மிஷின் நின்றது. அதன் பக்கம் ஒருவரும் போகவில்லை. அதனால் நானும் போகவில்லை.

நீ மகள் பிரசவத்துக்குக் கிளம்பிப் போன வாரமே புது மிஷின் வந்து இறங்கியது. இடம் போதவில்லை என்று நம் பழைய பெரிய லேத்தை உன்னிடம் கேட்காமலே விற்றுத் தள்ளிவிட்டேன். முதல் ஷாஃப்ட்டை மாட்டினோம். சக்கில் பிடித்த முனை சரியாக வந்தது. தாங்க ஆளில்லாத மறுமுனை கடைகிற கத்திக்குப் பயந்து விலகிப் போய், பருத்து, வரிவரியாக வந்தது. நம் ஆபரேட்டர் 'அவசரம்' என்னைப் பார்த்தான், ஷாஃப்ட்டைப் பார்த்தான். டீ வாங்கி வருகிறேன் என்று போனவன் தன் பெயருக்கேற்ற வேகத்தில் மத்தியானம்தான் திரும்பினான். வேகத்தைக் குறைத்தோம், கத்தியை மாற்றினோம். கொஞ்சம் தேறியது, சரியாகவில்லை. சின்ன லேத்தில் அந்த நீளம் ஏறாது என்பது உனக்கே தெரியும்.

பம்புக் கம்பெனியில் சரக்கு கேட்டு நெருக்கினார்கள். பருத்த முனைகளை எமரி பேப்பர் வைத்துத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. அளந்து பார்க்க உன் மைக்ரோமீட்டர் பெட்டியைத் திறந்தேன். அது என்ன சொல்லும் என்று தெரிந்ததால் அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் பாதியில் முடிந்திருக்கும். உன் மேஜையில் அந்தப் பச்சை நெயில் பாலிஷ் இருந்தது. விரலில் ஒரு நாளும் பூசாமல் பாட்டில் பாட்டிலாக வாங்குகிறாயே என்று கடைக்காரப் பெண் உன்னைக் கேலி செய்வாளே, அதே பாட்டில். நீ அளந்து பாஸ் செய்த ஷாஃப்ட்டில் மட்டும் வைக்கிற புள்ளி. வேறு யாரும் தொடக் கூடாது என்று நீ போட்ட சட்டத்தை நான்தான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். அவசரத்தை வெளியே அனுப்பிவிட்டு, எல்லா ஷாஃப்ட்டிலும் நான் புள்ளி வைத்தேன். பழக்கமில்லாத வேலை, இரண்டு மூன்று புள்ளிகள் வழிந்துவிட்டன. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

நேற்று உன்னோடு பேசி முடித்த கையோடு பம்புக் கம்பெனி சூப்பர்வைசர் கூப்பிட்டார். பேரிங் ஷாஃப்ட்டில் ஏறாமல் சண்டித்தனம் செய்கிறதாம். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அம்மா புள்ளி வெச்சிருக்காங்க, அதனால நாங்க ஷாஃப்ட்டை அளக்கவே இல்ல. பேரிங்லதான் கோளாறு. எல்லாத்தையும் அந்தக் கடைக்காரர் மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டோம். இனிமே அவர்கிட்ட வாங்கறதில்ல" என்றார். நீ அண்ணன் என்று கூப்பிடுவாயே, நம் மகள் கல்யாணத்தில் பந்திக்கு நின்று பரிமாறினாரே, அந்தப் பேரிங் கடைக்காரரைத்தான் சொல்கிறார். நான் "ம்" என்றேன். அந்த ஒரு "ம்" தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு அந்த மனிதர் எல்லோர் முன்னாலும் நின்று திட்டு வாங்குகிற மாதிரி ஒரு காட்சி கண்முன் வந்தது, போகவே மாட்டேன் என்கிறது.

சாயங்காலம் அவர் கடை வழியாக வந்தேன். வாசலில் உட்கார்ந்து, திரும்பி வந்த பேரிங்குகளை ஒவ்வொன்றாக விரலில் சுற்றிக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன கோளாறுன்னே புரியலப்பா. தங்கச்சி வந்ததும் ஒரு தடவை அளந்து பார்க்கச் சொல்லு, அவ சொன்னா நான் ஒத்துக்கறேன்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எவ்வளவு கேவலமான தலை பார் இது.

விடிந்ததும் முதலில் அவர் கடைக்குப் போகிறேன். அவரையும் கூட்டிக்கொண்டு பம்புக் கம்பெனிக்குப் போய், சூப்பர்வைசர் முன்னால், ஷாஃப்ட் தப்பு, பேரிங் தப்பில்லை, புள்ளி வைத்தது என் பெண்டாட்டி இல்லை, நான் என்று சொல்லப் போகிறேன். ஷாஃப்ட் அத்தனையும் திருப்பி எடுத்து வருவேன். ஆர்டர் போனாலும் போகட்டும். மிஷின் விற்றவரிடமும் பேசிவிட்டேன். கொஞ்சம் நஷ்டத்தோடு இதை எடுத்துக்கொண்டு அந்த அழுக்குப் பச்சை மிஷினைத் தருவதாகச் சொல்கிறார். உன் வாயால் சரி என்று வரும் வரை நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் அங்கே போய் அசிங்கப்பட்டுத் திரும்பியிருப்பேன். ஊரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பதைத் தாங்கிக்கொள்வேன். நீ இல்லாத நேரம் பார்த்து உன் நல்ல பெயரை எடுத்துச் செலவு செய்துவிட்டேனே, அதை எந்தக் கடையில் வாங்கித் திருப்பித் தருவேன் என்று தெரியவில்லை.

மகளிடம் இதைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். பேத்திக்கு என் ஆசீர்வாதம், அவளுக்கு ஒருபோதும் தன் வீட்டுப் பொருளைக் கண்டு வெட்கம் வராமல் இருக்கட்டும்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். உனக்கு நிஜமாகவே கோபம் வந்தால் நீ திட்ட மாட்டாய். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாய், அப்புறம் நாள்கணக்கில் பேச்சே இருக்காது. இந்த முறை அப்படிச் செய்யாதே. கூப்பிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டு. பேத்தி முழித்து அழுதாலும் பரவாயில்லை, நிறுத்தாதே. நான் போனை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் போனுக்குக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்