ஒற்றை எலிக் கணக்கு

அன்புத் தம்பிக்கு,

இன்று காலை குசினியில் அடுப்போரம் வைத்திருந்த பொறி சாத்திக் கிடந்தது. உள்ளே ஒரு சுண்டெலி. கட்டி வைத்த நெத்திலிக் கருவாட்டை அது தின்னக்கூட இல்லை. மூலையில் ஒடுங்கிக்கொண்டு மூக்கை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. பொறியைத் தூக்கினேன், அந்த வாடை வந்தது. மரத்தூளும் எலி மூத்திரமும் கலந்து லேசாகப் புளித்த வாடை. நீ பம்பாயிலிருந்து லீவில் வந்து பெட்டியைத் திறக்கும்போது அடிக்குமே, அதே வாடைதான். எத்தனை சவுக்காரம் போட்டு அலசினாலும் உன் சட்டைகளை விட்டுப் போகாது.

எலியைக் கண்டு எனக்குப் பயமில்லை. அதன் மூக்கைக் கண்டால்தான் பயம். அது உன்னால் வந்த பயம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் உன் வேலை என்னவென்று இந்த வீட்டில் யாருக்கும் விளங்கியதில்லை. என் மாமியார் உன்னை விடவே மாட்டார்கள்.

"ஏன் தம்பி, பம்பாய் வரைக்கும் போயி எலிக்குத் தீனி வைக்கவா காலேஜு படிச்சீரு?"

"தீனி மட்டுமில்ல மாமி. சளியும் புடிக்க வைக்கேன்."

"அப்படின்னா நம்ம வீட்டு எலிக்கும் கொஞ்சம் புடிக்க வச்சிட்டுப் போரும். அரிசிப் பானையில ஒண்ணு மிச்சம் வைக்க மாட்டேங்கு."

நீ லீவில் வந்திருந்த அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. உன் மச்சான் தோணியை ஓட்டும் தண்டலாகக் கொழும்புக்குப் போயிருந்தார். கடல் கொந்தளித்துக் கிடந்ததால் எப்போது திரும்புவார் என்று தெரியாது. ஒரு மத்தியானம் நான் சாளை மீன் அரிந்துகொண்டிருந்தேன். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து உன் எலிகளைப் பற்றிச் சொன்னாய். பள்ளிக்கூடம் போகாமல் செபப்புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டியவள் நான். ஆனாலும் எனக்கு எதையும் நீ குறைத்துச் சொன்னதில்லை.

இரண்டு கூடு. ஒரே காய்ச்சல் கிருமி, ஒரே அளவு, மூக்கில் ஒரு சொட்டு. ஒரு கூட்டு எலிகள் மயிர் சிலிர்த்துக் கூனிக்கொள்ளும், மூச்சு இளைக்கும், நுரையீரல் நீர் கோத்துச் செத்துப்போகும். மற்றக் கூட்டு எலிகள் ஒன்றும் நடக்காததுபோல் தின்றுகொண்டிருக்கும்.

"நல்ல தீனி குடுத்திருப்பிய" என்றேன்.

"தீனியும் ஒண்ணுதான், தண்ணியும் ஒண்ணுதான் யக்கா. பொறப்புதான் வேற."

"கடலடியில ஒரே பார்ல கெடக்க சிப்பிதான். ஒண்ணுல முத்து இருக்கு, ஒண்ணுல இல்ல. அப்படித்தானே?"

"அது அதிர்ஷ்டம். இது வகையறா. அந்த வகையறாவில பொறந்தா அத்தனையும் தப்பிக்கும். தாய் தகப்பன்கிட்டயிருந்து வருது. அதுலயும் ஒரு அதிசயம் பாரு. ரெண்டு கூட்டையும் கலந்து குட்டி போட வச்சா, அந்தக் குட்டிகளும் தப்பிக்குது. ரெண்டு பக்கத்துலயும் வாங்கணும்னு இல்ல. ஒரு பங்கு இருந்தா போதும்."

மாமி வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "எலிக்கும் பங்கு இருக்கா? எந்தக் கோயில் பங்கு? பங்குச்சாமிக்குத் தெரியுமா?"

மாமிக்குப் பங்கு என்றால் சாமியார் பார்க்கும் கோயில் சனம்தானே. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா ஞாபகம் வந்தது. நீ பால் குடிக்கும் பிள்ளையாக இருந்தபோது ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்தது. நம் அம்மாவும் அம்மாவின் தம்பியும் ஒருவர் பின்னால் ஒருவராகப் போனார்கள். அதே காய்ச்சலில் மாமி வீட்டில் எல்லோரும் படுத்தார்கள், எல்லோரும் எழுந்தார்கள். அதை அவர்கள் பெருமையாகவே சொல்வார்கள்.

"அப்போ நாம எந்தக் கூடுலே?" என்று கேட்டேன்.

நீ சிரிப்பை நிறுத்தினாய். "மனுசனுக்கு அப்படி ஒண்ணு இருக்கான்னே யாருக்கும் தெரியாது யக்கா" என்றாய். மீதி மீன் அரியாமல் கிடந்தது. மீன் செதில் கையில் காய்ந்துபோயிற்று.

சில நாளில் தெருவில் காய்ச்சல் வந்தது. முதலில் எதிர்வீடு, பிறகு நம் பிரகாசி. உன் மருமகளுக்கு அப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிற வயது. உடம்பு அனலாகக் கொதித்தது. அவள் கூனிப் படுத்ததைப் பார்த்தேன். கழுத்து மயிர் சிலிர்த்திருக்கிறதா என்று என் கண் தேடியது. பெற்ற பிள்ளையை அப்படிப் பார்த்தேன் நான்.

நீதான் என்னை அறையை விட்டு வெளியே தள்ளினாய். பழைய காய்ச்சலில் தப்பிய மாமி மட்டும் உள்ளே இருக்கட்டும் என்றாய். மாமிக்குக் கண் மங்கல். மருந்து அளந்து கொடுக்க ஆள் வேண்டும். அதனால் நீயே பாயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய்.

"நீயும் அதே கூடுதானலே? நான் போறேன், என் பிள்ளை."

"ஒரே கூட்டு எலி ரெண்டையும் எதுக்கு உள்ள விடணும்?" என்று கதவைச் சாத்திக்கொண்டாய்.

அந்தக் கதவை நான் மறக்க மாட்டேன். பச்சை வர்ணம் உரிந்து, கீழே மழை ஈரத்தில் ஊறிக் கிடந்த கதவு. அதன் வெளியே முழங்காலில் நின்றேன். பிள்ளையின் இருமல் கேட்கும். இருமல் நின்றால் அதைவிடப் பயமாக இருக்கும். கதவு இடுக்கில் வாயை வைத்து உன்னைக் கேட்டேன்.

"அவ அப்பா பங்கு அவளுக்கு வந்திருக்கும்லா?"

"மச்சானுக்கே ரெண்டு பங்கும் இருக்கா, ஒண்ணுதான் இருக்கான்னு யாரு கண்டா? ஒண்ணுதான்னா பிள்ளைக்கு வந்தும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம். பூவா தலையாதான். அதுவும் எலிக் கணக்குப்படி."

"பொய் சொல்லியாவது தேத்தக் கூடாதாலே?"

"உன்கிட்டயா? வீட்டுக் கணக்குல அஞ்சு பைசா இடிச்சாலே தூங்க மாட்ட. நாளைக்கே கண்டுபிடிச்சிருவ."

கொள்ளைநோய்க்குக் காவலான செபஸ்தியாருக்கு மெழுகுதிரி ஏற்றினேன். அன்று நான் வேண்டிக்கொண்டதை யாரிடமும் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன். இந்தப் பிள்ளை முழுக்க அவள் அப்பா மாதிரியே இருக்கட்டும், என் சாயல் ஒரு துளிகூட இவளுக்கு வேண்டாம் என்று வேண்டினேன். எந்தத் தாய் அப்படிக் கேட்பாள்? வெளியே நின்ற நான் கேட்டேன்.

ஒரு விடியலில் காய்ச்சல் விட்டு, பிரகாசி கஞ்சி கேட்டாள். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடு கேட்டாள். மாமி கதவைத் திறந்துகொண்டு, "ஏளா, எங்க பங்கு வந்துட்டு! எங்க வீட்டுப் பிள்ளைளா இது!" என்று கத்தினார்கள். நான் உள்ளே ஓடினேன். பிள்ளை உட்கார்ந்திருந்தாள். நீ சுவரோரம் பாயில் கூனிப் படுத்திருந்தாய். எழுந்திருக்கவில்லை. உன் மூச்சு கீச்சுக் கீச்சென்று கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே வரச் சொன்னார். எதற்கு வெளியே? நீ எனக்கு முன்பே சொல்லிவிட்டாய். அந்தக் கூட்டில் கடைசியில் என்ன நடக்கும் என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னாயே. அவர் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்திருப்பதைப்போலக் கொடுமை வேறில்லை தம்பி.

உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டாய். நான் மனதுக்குள் கூட்டிக் கழிப்பது உனக்கு எப்போதும் தெரியும். அம்மா, மாமா, இப்போது நீ. அடுத்து நான். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய். "இத வச்சுக் கணக்கு எழுதிராத யக்கா. ஒத்த எலிய வச்சு ஒண்ணும் சொல்லக் கூடாது."

"நீ எலியாலே?" என்றேன். அதற்கு நீ சிரிக்கப் பார்த்தாய். இருமல்தான் வந்தது. மறுநாள் குருவானவர் வந்து கடைசி எண்ணெய் பூசினார். உன் மச்சான் தோணி கரைக்கு வந்து சேர்ந்தபோது உன்னை அடக்கம் செய்திருந்தோம்.

மாமி உன் பேச்சை எடுத்தாலே அழுவார்கள். "எம் பேத்திய மீட்டுக் குடுத்திட்டு அவன் போயிட்டானே" என்பார்கள். அழுது முடித்ததும், எங்கள் பங்குதான் காப்பாற்றியது என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். நீ அளந்து கொடுத்த மருந்தா, மாமி வழி வந்த ரத்தமா, நான் ஏற்றிய திரியா, என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒத்த எலி என்று நீ சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

பிரகாசி வளர்ந்துவிட்டாள். நடை, கோபம், உயரம் எல்லாம் அவள் அப்பாதான். மூக்கு மட்டும் நம் அம்மாவின் மூக்கு, உன் மூக்கு. அவள் தும்மினால் கையில் இருக்கிற பாத்திரத்தைப் போட்டுவிடுகிறேன். அந்த மூக்கோடு வேறு என்ன வந்திருக்கிறதோ என்று பார்க்கிறேன், கண்ணுக்குத் தெரிகிற காரியமா அது?

காலையில் பிடிபட்ட எலியை வெளியே கொண்டுபோய் உடைமரத்துப் பக்கம் திறந்துவிட்டேன். மாமிக்குத் தெரிந்தால் திட்டுவார்கள். அது எந்தக் கூட்டு எலி என்று யாரும் அதனிடம் சொன்னதில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

மழைக்காலம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருமல் கேட்க ஆரம்பித்துவிட்டது. பிரசங்கத்தில் சாமியார், "அன்பான பங்கு மக்களே" என்று தொடங்குகிறார். எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள். நான் மட்டும் பெண்கள் பக்கம் வரிசை வரிசையாகப் பார்க்கிறேன். இவர்களில் யாருக்குப் பங்கு இருக்கிறது, யாருக்கு இல்லை? பின்னால் யாரோ இருமுகிறார்கள். நீ சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது தம்பி, கணக்கு எழுதக் கூடாது. எழுதவில்லை. பிரகாசியின் தோளைத் தொட்டு, என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மாமி பக்கமாக நகர்ந்து உட்காரச் சொல்கிறேன்.

உன் அக்கா