இன்ஜினில் ஊற்றிய தோல் எண்ணெய்

அன்பு மகள் பாரதிக்கு,

ஆம்பூரிலிருந்து உன் சித்தப்பா பஞ்சாட்சரம் எழுதுகிறேன். இங்கே நானும் உன் சித்தி கோவிந்தம்மாளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுதான் எனக்குச் சரியில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதாசி, அந்த எத்தியோப்பியாக் குளிரில் நீ சளி கிளி பிடிக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமி படத்துக்கு முன்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் உன் முகம் தெரிந்ததும் என் வாய் தன் பாட்டுக்குக் கதை கட்ட ஆரம்பித்துவிடுகிறது கண்ணு, உன்னைச் சிரிக்க வைக்க வேண்டும், சித்தப்பா பெரிய ஆள் என்று நீ நினைக்க வேண்டும் என்று ஓர் ஆசை. காகிதமென்றால் பொய் வந்தால் அடித்துவிடலாம். உன் கம்பெனி ஃபஹீம் லீவு முடிந்து திரும்புகிறான், அவனிடம் சித்தி போட்ட ஊறுகாயோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிடுவேன். உன் வண்டி இன்ஜின் போனதற்குக் காசி காரணம் இல்லை. நான்தான் காரணம். நான் சொன்னதை நம்பித்தான் நீ அவனை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னாய், நானும் தலையை ஆட்டிக்கொண்டு நிறுத்தினேன். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

நீ அங்கே ஷூ கம்பெனியில் நின்று நின்று கால் வீங்கச் சம்பாதித்து வாங்கிய மினி லாரி அது. தோல் ஏற்றிக்கொண்டு ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் ஓட வேண்டியது, ஓட்டக் காசி, மேற்பார்வைக்கு நான் என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் தெரியுமா, இந்த பைபாஸில் அப்படி ஒரு பளபளப்பான வண்டி கிடையாது, கலெக்டர் காரே ஓரம் ஒதுங்கி வழிவிட்டது. கலெக்டர் கார் என்று எழுதியதை அடித்துவிடு, அது ஏதோ கல்யாணக் கார். ஆனால் மேலே துடைத்ததுதான் நான், உள்ளே பார்த்துக்கொண்டது காசி. கண்ணாடியில் மெக்கானிக் ஒட்டிய சீட்டில் போட்டிருக்கிற கிலோமீட்டர் வருவதற்கு முன்னாலேயே ஆயில் மாற்றணும், ஃபில்டர் மாற்றணும் என்று என் உயிரை எடுப்பான். லோடு நேரத்தில் இன்னாடா பேஜாரு என்று நான் கத்துவேன், அவன் பேசாமல் வண்டியை உமர் ஃபாரூக் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுவான்.

அந்த உமர் ஃபாரூக் விஷயத்தில்தான் வினையே. ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன், அவன் வண்டிக்கு அடியில் படுத்து ஆயிலை இறக்கிக்கொண்டிருந்தான், நான் சும்மா இருக்காமல் எண்ணெயின் குணத்தைப் பற்றி நாலு வார்த்தை எடுத்துச் சொன்னேன். டேனரியில் காலமெல்லாம் டிரம் சுற்றிய மேஸ்திரி ஆயிற்றே, எந்த எண்ணெய் எந்தத் தோலில் எவ்வளவு இறங்கும் என்று மோந்து பார்த்தே சொல்லுவேன். அவன் வெளியே தலையை நீட்டி, மேஸ்திரி, நீங்க தோலுக்கு டாக்டரு, வண்டிக்கு இன்னா தெரியும் உங்களுக்கு, அந்த ஸ்டூல்ல குந்துங்க, டீ வருது என்றான். அங்கே நின்ற டிரைவர் பசங்க எல்லாம் சிரித்தார்கள், காசியும் திரும்பிக்கொண்டு சிரித்தான், நான் பார்த்தேன். எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அடுத்த ஆயிலை இந்தப் பஞ்சாட்சரமே மாற்றிக் காட்டுவான் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. குழந்தை வரம் கேட்டு விரிஞ்சிபுரம் கோயில் குளத்தில் முழுகக் காசி தன் பெண்டாட்டி ஜீவாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போகும்போதும், ஆயில் மாத்துற டைம் வந்துட்ச்சி மேஸ்திரி, நான் வந்ததும் மொத வேலையா உடணும் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். வண்டி சும்மா நின்றது, நானும் சும்மா இருந்தேன். பழைய ஆயிலை நானே இறக்கினேன், தார் மாதிரி வந்தது. புதிதாக ஊற்ற எங்கள் டேனரியில், தோலை மிருதுவாக்க டிரம்மில் விடுகிற மீன் எண்ணெய் இருக்கிறதே, அதில் ஒரு கேன் எடுத்து வந்தேன். திருட்டு இல்லை, கேட்டுத்தான் எடுத்தேன், எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிற மாட்டுத் தோலே அந்த எண்ணெய் பட்டால் பட்டுத்துணி மாதிரி மடங்குகிறது, இரும்பு எம்மாத்திரம் என்று நினைத்தேன். சத்தியமாக நல்லது என்று நினைத்துத்தான் ஊற்றினேன் பாரதி. ஸ்டார்ட் பண்ணினால் பூனை மாதிரி சத்தம். உன் சித்தியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன், அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, தோல் ஷாப்பு நாத்தம் வீடு வரைக்கும் வந்துட்ச்சா என்று உள்ளே போய்விட்டாள். மறுநாள் காசி வந்து ஆயில் மாத்தியாச்சா என்று கேட்டான். உமர் கையால் மாற்றியாயிற்று என்றேன். அதோடு விட்டேனா, வண்டியை இப்படி வைத்துக்கொள்கிற ஆளைப் பார்த்ததே இல்லை என்று உமர் என்னைப் புகழ்ந்ததாகவும் சேர்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் ஒரு நாள் ராணிப்பேட்டைக்கு லோடு போகும்போது பள்ளிகொண்டா தாண்டி காசி போன் பண்ணினான். மேஸ்திரி, ஆயில் வெளக்கு செவப்பா எரியுது, ஓரங்கட்றேன் என்றான். நான் விட்டேனா, இன்னாடா நீ, புது ஆயிலு, வெளக்குதான் கோளாறு, அங்க பார்ட்டி காத்துனு இருக்கான், ஓட்டுடா என்றேன். நான் சொன்னதால் ஓட்டினான். வேலூர் எட்டுவதற்குள் இன்ஜின் இறுகி நடுரோட்டில் நின்றுவிட்டது. உனக்கு நான் என்ன சொன்னேன், விளக்கு எரிந்ததைப் பார்க்காமல் காசி போன் பேசிக்கொண்டே ஓட்டினான் என்று சொன்னேன். அவன் பேசியது என்னோடுதான், வண்டியை நிறுத்தட்டுமா என்று கேட்கத்தான்.

இன்ஜினைத் திறந்த உமர் ஃபாரூக் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். உள்ளே களி மாதிரி கெட்டித்து, பேரிங் எல்லாம் தேய்ந்து, ஒரே வாடை. இன்னா மேஸ்திரி, இன்ஜின்ல மீன் கொழம்பு வெச்சி எறக்கி இருக்கீங்க, கொத்தமல்லிதான் கம்மி என்றான். அப்புறம் சிரிக்காமல், டிரைவர ஏன் தொரத்துனீங்க என்று கேட்டான். அவன் சொல்லாமலே நான் போய் அந்த ஸ்டூலில் குந்திக்கொண்டேன், இதைக் கூட்டிச் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. உன்னிடம் சொன்னதோடு நான் நிற்கவில்லை. டீக்கடையில் கேட்டவனிடமெல்லாம் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன், கேட்பவன் வாயைப் பிளந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது உனக்குத்தான் தெரியுமே. முதலில் காசி போன் பேசினான், அப்புறம் தூங்கிவிட்டான், கடைசியில் குடித்திருந்தான் என்றாகிவிட்டது. காசி பீடி கூடக் குடிக்காதவன். இப்போது ஆம்பூரில் ஒருத்தனும் அவன் கையில் ஸ்டியரிங் கொடுப்பதில்லை, பேர்ணாம்பட்டு வரைக்கும் பேச்சு போய்விட்டது. உப்புத் தோல் குடோனில் கட்டுத் தூக்குகிறான். தோளெல்லாம் உப்பு அரித்துப் புண்ணாகிக் கிடக்கிறது, தெருவில் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான், நான் செருப்பு வாரைச் சரி பண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பொறுக்க முடியாமல் லாரி புக்கிங் தபரேஸ் கடைக்குப் போய், எல்லாரும் இருக்கும்போது உண்மையைச் சொன்னேன். நான்தான் மீன் எண்ணெய் ஊற்றினேன், நான்தான் ஓட்டச் சொன்னேன் என்றேன். கடையே சிரித்தது. டிரைவர காப்பாத்த இன்னாமா கதை உடுறாரு பாரு, மனசு பெருசுப்பா மேஸ்திரிக்கு என்று தபரேஸ் என் தோளைத் தட்டி டீ சொன்னான். நான் ஆணையிட்டேன், அதற்கும் சிரித்தார்கள், என் ஆணையைத்தான் ஊரே பார்த்திருக்கிறதே. அப்புறம் உமரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வைத்தேன். தபரேஸ் யோசித்துவிட்டு, இருக்கலாம் பாய், ஆனா ஓனரே நிறுத்துன டிரைவரு, ஓனர் சொன்னாதான் நான் இன்னொருத்தனுக்குச் சொல்ல முடியும் என்றான். நான் ஓனர் இல்லையே பாரதி. நீதான் சொல்ல வேண்டும்.

நேற்று காசி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். வண்டி நின்ன அன்னிக்கே மூடியத் தொறந்து மோந்து பாத்தேன் மேஸ்திரி, ஷாப்பு எண்ணெய்னு தெரிஞ்சிட்ச்சி என்றான். அப்புறம் ஏன்டா பாரதியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அக்கா யாரை நம்பும், எடுத்து வளத்த சித்தப்பாவயா, நேத்து வந்த என்னயா என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், சாதாரணமாகச் சொன்னான். ஜீவா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஆகையால் கண்ணு, என் பேச்சை நம்பாதே, உமர் ஃபாரூக்கிடம் கேள், அவன் நம்பர் ஃபஹீமிடம் இருக்கிறது. கேட்டுவிட்டுத் தபரேஸிடம் பேசு, அதற்கும் முன்னால் காசியிடம் பேசு. என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு, சித்தி ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாள். வண்டி மேற்பார்வையும் இனிமேல் எனக்கு வேண்டாம். நீ அங்கே பழைய கார் ஒன்று வாங்கியிருப்பதாக ஃபஹீம் சொன்னான், அதற்கு நேரத்துக்கு ஆயில் மாற்று, ஃபில்டரையும் சேர்த்து மாற்று, ஆயில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்துப் பார்க்கும்போது வண்டி சமதரையில் நிற்க வேண்டும், டீசல் வண்டியில் ஆயில் போட்ட கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும், நிறத்தை வைத்து முடிவு பண்ணாதே, ஓடின தூரத்தைப் பார். வண்டிக்கு என்று எழுதியிருக்கிற ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றாதே. சிவப்பு விளக்கு எரிந்தால் யார் போனில் என்ன சொன்னாலும் ஓரங்கட்டி நிறுத்து. இதெல்லாம் என் புத்தி இல்லை, காசி சொன்னதுதான்.

உமர் இன்ஜினைப் பிரித்துக் கட்டிவிட்டான், வண்டி தயார். அதன் சாவியை நேற்று காசி கையில் கொடுத்தேன், வாங்கவில்லை. அக்கா சொல்லட்டும் என்றான். சாவியை அவன் வீட்டு டிவி மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இதைப் படித்து முடித்ததும் ஊறுகாயைப் பிரிக்காதே, முதலில் அவனுக்குப் போன் போடு. பகலில் மூட்டை தூக்குவான், எடுக்க மாட்டான், சாயங்காலம் போடு, எடுக்கிற வரைக்கும் போடு.

நீ நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று சித்தியும் நானும் மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
பஞ்சாட்சரம்
ஆம்பூர்