குளியலறைக் கைப்பிடிக்கு ஒரு டிரில்லிங் மெஷின்

பிப்ரவரி 11, செவ்வாய்

கைப்பிடிக் கம்பிகள் இரண்டும் வந்து ஒன்பது நாள் ஆகிறது. கட்டிலுக்கடியில் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. மாட்டித் தருவதாகச் சொன்ன ஆள் மூன்று முறை 'நாளைக்கு' என்றார். இன்று ஒருவழியாக உண்மையைச் சொல்லிவிட்டார். பத்துப் பன்னிரண்டு ஓட்டைக்காக அவ்வளவு தூரம் வந்து போவது அவருக்குக் கட்டுப்படியாகாதாம். மேல்வீட்டுக்காரரிடம் மெஷின் இருக்கிறது. ஆனால் யாருக்கும் இரவல் தருவதில்லை என்பது அவர் கொள்கை.

ஆகவே நானே ஒன்று வாங்கப் போகிறேன். வாழ்க்கையில் அதைக் கையால் தொட்டதில்லை. தொட்டவர் என் கணவர், இவர்தான். இருபத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் மெஷின் கிடையாது, எல்லாம் கம்பெனியுடையது. ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் பாதி தேறிவிட்டது. கை இன்னும் இல்லை. குளிக்க மட்டும் தனியாகத்தான் போவேன் என்கிறார். உள்ளே தாழ்ப்பாள் வேறு. நான் வெளியே கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குத் தினமும் தாமதம்.

பிப்ரவரி 12, புதன்

ஃபோனில் இவரிடம் ஒரு மெஷினைக் காட்டினேன். பேட்டரியில் ஓடுவது, கைக்கு அடக்கமாக இருந்தது.

"பேட்டரியா? இது கான்கிரீட் சுவரு. ரெண்டாவது ஓட்டைக்கே மூச்சு வாங்கும்."

சரி, தெரிந்தவர் சொல்கிறார். பேட்டரி வேண்டாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று மூன்று காட்டினேன். ஒன்றில் கியர் பிளாஸ்டிக், சூடேறினால் இளகிவிடுமாம். இன்னொன்று மலிவுதான், ஆனால் உதிரி பாகம் எங்கும் கிடைக்காது, உள்ளே மோட்டாரில் உரசும் கார்பன் துண்டு தேய்ந்தால் குப்பையில்தான் போட வேண்டும். மூன்றாவது நல்ல மெஷின், கனம் அதிகம். துளைக்கிற பிட் சுவரில் எங்கேயாவது சிக்கினால் மணிக்கட்டை முறுக்கிவிடும், உன் கை தாங்காது என்றார்.

என் கையைப் பற்றி யோசித்திருக்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அசடு.

பிப்ரவரி 16, ஞாயிறு

மகள் ஃபோன் செய்தாள். நட்சத்திரக் குறிகள் போட்ட ஒரு பட்டியலை அனுப்பிவிட்டு, ஏதாவது ஒன்றை வாங்கித் தொலைக்கக் கூடாதா என்றாள். அவள் பட்டியலில் ஐந்து. ஐந்துக்கும் குறை. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவர் இத்தனை நொட்டை சொல்லவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

தூக்கம் போதாமல் கடையில் உட்கார்ந்தபடியே கண் சொருகிவிட்டது. கண்ணாடி வாங்க வந்தவர் இருமி எழுப்பினார்.

பிப்ரவரி 19, புதன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மொத்தம் எத்தனை ஓட்டை போட வேண்டும் என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். சிரிக்கவில்லை, நல்ல மனிதர். நடுத்தர விலையில் ஒன்றை எடுத்து வைத்தார். வயர் உள்ளது, சுவரை இடித்துத் துளைக்கும் ஹாமரை வேண்டும்போது போடலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். கியர் பெட்டி இரும்பு. பெட்டிக்குள்ளேயே ஒரு ஜோடி கார்பன் கூடுதலாக. அந்தக் கம்பெனியின் ரிப்பேர் கடை அதே தெருவில். மெஷின் இரண்டு கிலோகூட இல்லை. ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கை அதிர்ந்தது, பயம் வரவில்லை.

படம் எடுத்து இவருக்கு அனுப்பிவிட்டு, தெருவுக்கு வந்து ஃபோனில் பேசினேன். ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இருக்கிறது, இருக்கிறது என்றேன். கேள்விகள் தீர்ந்தன. பிறகு,

"கலர் சரியில்ல."

கலரா! ஓட்டை போடுகிற மெஷினுக்குக் கலரா?

தெருவில் அப்படியே நின்றேன். அப்போதுதான் புரிந்தது. இவருக்குக் குறை மெஷினில் இல்லை. மெஷின் வந்தால் கைப்பிடி சுவரில் ஏறிவிடும். ஏறிவிட்டால், 'இனி நான் இப்படித்தான்' என்று தினமும் காலையில் அவர் அதைப் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். இதற்காகவா எட்டு நாள் இழுத்தடித்தார்?

புரிந்த பிறகு நான் என்ன செய்தேன்? வாங்காமலே வந்துவிட்டேன். எனக்கும் தைரியம் இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

விழுந்துட்டார்.

காலை ஏழு பத்து. டொம்முனு ஒரு சத்தம். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். தட்டுறேன், தட்டுறேன், பதிலே இல்ல. அவர் தரையிலேயே நகர்ந்து வந்து இடது கையால் தாழ்ப்பாளை எட்டித் திறக்கிற வரைக்கும் — எவ்வளவு நேரம்னு தெரியல. ரெண்டு நிமிஷமா? எனக்கு ஒரு வருஷம்.

முழங்கை சிராய்த்திருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஈரத்தில் உட்கார்ந்துகொண்டு 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்றார். நான் கத்தினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படிக் கத்தியதில்லை.

"இப்ப சொல்லுங்க. எந்தக் கலர்ல வாங்கட்டும்?"

அவர் தலையைத் துவட்டிவிட்டு, சட்டை மாட்டிவிட்டு, கட்டிலில் உட்காரவைத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வயசானவங்க பிடிச்சுக்கட்டும்னு எத்தனை லிஃப்ட்ல இந்தக் கம்பிய மாட்டியிருக்கேன். எனக்கே மாட்டுற நாள் வரும்னு நினைக்கல."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்று கடைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

வாங்கிவிட்டேன். அதே மெஷின், அதே கலர்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது. மெஷின் பிடித்த கை இன்னும் மரத்திருக்கிறது, எழுத்து கோணலாகப் போகிறது.

அவர் குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் உள்ளே. பிட் வழுக்காமல் இருக்க டைல்ஸ் மேல் காகித டேப் ஒட்டச் சொன்னார். டைல்ஸைத் தாண்டும் வரை ஹாமர் போடாதே, மெதுவாக ஓட்டு, கான்கிரீட் தட்டுப்பட்டதும் ஹாமரைப் போடு, அழுத்தாதே, அது தானாகப் போகும். குரல் பழையபடி கணீரென்று வந்தது. வேலையிடத்தில் இவர் இப்படித்தான் பேசியிருப்பார் போல. என்னைக் குழாய்க்கு நேராக நிறுத்தி, 'நான் நிக்கிற மாதிரி நில்லு, கை எங்க போகுது பாரு' என்றார். நின்றேன். கை போன இடத்தில், கண்ணாடிகளில் கண்மணிக்கு நேரே புள்ளி வைக்கும் எங்கள் கடைப் பேனாவால் குறித்தேன். கூடக்குறைய அரை மில்லிமீட்டர் இருக்காது.

ஒரு கம்பிக்கு ஆறு ஓட்டை. இரண்டரை மணி நேரம். முகமெல்லாம் வெள்ளைத் தூசி. ஒரு டைல்கூடக் கீறவில்லை. திருகாணிகளை முடுக்கிவிட்டு என் முழுக் கனத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. 'பரவாயில்லையே' என்றார். இவர் வாயில் அது பெரிய பட்டம்.

பிறகு அவராகவே எழுந்து, யாரும் சொல்லாமல், உள்ளே வந்து குழாய்க்கு நேராக நின்றார்.

கம்பி அவருக்கு வலது பக்கத்தில் இருந்தது.

வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தோம், கம்பியைப் பார்த்தோம், மறுபடியும் கையைப் பார்த்தோம். கடையில் பத்தொன்பது வருடத்தில் ஒரு லென்ஸைக்கூட நான் இடம் வலம் மாற்றி மாட்டியதில்லை. அந்தக் கைக்குத் தினமும் சட்டை மாட்டிவிடுகிறவளும் நான்தான். இவரோ அந்தக் கையின் சொந்தக்காரர்.

அவர்தான் முதலில் சிரித்தார். "ரெண்டு பேருக்குமே ஞாபகம் வரல பாரு." சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. நானும் தூசியிலேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, என்று நினைக்கிறேன். இரண்டரை மணி நேரம் எங்கள் வீட்டில் நோயாளி யாருமே இருக்கவில்லை. அது முடிந்துபோனதற்காகத்தான் அழுதோமோ என்னவோ.

பிப்ரவரி 24, திங்கள்

கடையிலிருந்து வந்ததும் இரண்டாவது கம்பியை இடது பக்கம் மாட்டினோம். இந்த முறை அவரையே உள்ளே நிற்கவைத்துக் குறித்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம்தான். ஒரு டைலின் மூலை தெறித்துவிட்டது. அழுத்தாதே என்று சொன்னேனா இல்லையா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 26, புதன்

தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. லென்ஸ் துடைக்கக்கூட இடது கைதான். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேருக்கும் வலது கை விடுப்பு.

மார்ச் 1, சனி

அவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வரும் பெண், வலது பக்கக் கம்பியைக் கழற்ற வேண்டாம் என்றாள். தினமும் கையைத் தூக்கி அதன் மேல் வைத்துப் பழகட்டுமாம். வைத்தால் நிற்கிறது, விரல்கள் பிடிப்பதில்லை. இப்போதைக்கு அதில் துண்டு காய்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

நேரத்துக்குக் கடைக்குப் போனேன். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

மார்ச் 9, ஞாயிறு

கண் விழித்தபோது மணி எட்டே கால். பக்கத்தில் அவர் இல்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். பதறியடித்து ஓடினேன். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளக் கையை வைத்தேன். உள்ளே ஒரு இருமல், வாளி நகரும் சத்தம், மறுபடியும் தண்ணீர்.

கையை எடுத்துவிட்டேன். திரும்பி வந்து படுத்தேன். அவர் எப்போது குளித்து முடித்தார் என்று எனக்குத் தெரியாது.